தேனீயின் கொடுக்கும் சுவர்க்கோழியின் ஊசியும் ஒரே உறுப்பா?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். தேனீயின் கொடுக்கு முட்டையிடும் உறுப்பிலிருந்து வந்தது என்பது உண்மையா? சுவர்க்கோழியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியும் அதுவும் ஒன்றுதானா? இரண்டுமே ஒரு காலத்தில் கால்களாக இருந்தவை என்கிறார்களே, அதை நம்பலாமா? மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று கொட்டுகிறது, இன்னொன்று மண்ணுக்குள் முட்டை வைக்கிறது. உருவமும் வேறு, வேலையும் வேறு. அப்படியிருக்க, இரண்டும் ஒன்று என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? நான் பூச்சி வகைப்பாட்டில் வேலை செய்பவன். வயல்களிலிருந்து வரும் பூச்சிகளை நுண்ணோக்கியில் பிரித்துப் பார்த்துப் பெயர் சொல்வது என் தொழில். பூச்சியின் வயிறு வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு வளையத்தையும் கண்டம் என்போம். என் நேரத்தில் பெரும்பகுதி வயிற்றின் கடைசி நான்கைந்து கண்டங்களைப் பார்ப்பதிலேயே போய்விடும். உடற்கூற்றைப் பற்றிக் கீழே சொல்பவை நான் கையாண்டு பழகியவை. மரபணுச் சோதனைகளை மற்றவர்கள் செய்து எழுதியதைப் படித்துத்தான் அறிவேன். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் ஆம், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இரண்டாவதற்கும் ஆம்தான், ஆனால் ஒரு முக்கியமான திருத்தம் உண்டு. மூன்றாவது, பெண் பூச்சிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. ஆண் பூச்சிகளின் புணர்ச்சி உறுப்பைப் பொறுத்தவரை அது இன்னும் தீராத வழக்கு.

இரண்டு உறுப்புகள் ஒன்றா என்று தீர்மானிக்க நாங்கள் வடிவத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. எந்தக் கண்டத்தில் முளைக்கிறது, எந்தத் தகட்டோடு மூட்டு வைத்திருக்கிறது, எந்தத் தசை இழுக்கிறது, இதைத்தான் பார்ப்போம். பூச்சியின் வயிற்றில் அடிப்படையில் 11 கண்டங்கள் உண்டு. முட்டையிடும் உறுப்பு, அதாவது ஓவிபாசிட்டர், 8, 9 ஆகிய இரண்டு கண்டங்களின் அடிப்பக்கத்திலிருந்து வருகிறது. 8-ஆம் கண்டத்திலிருந்து ஓர் இணை அலகு (நீண்டு மெலிந்த நீட்சி) வரும். 9-லிருந்து இரண்டு இணை, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக. ஆக மொத்தம் மூன்று இணை, ஆறு அலகுகள். அவற்றின் வேரில் அவற்றைத் தாங்கும் தகடுகள் இருக்கும். இனி வசதிக்காக 8-ஆம் கண்டத்து இணையை முதல் அலகு என்றும், 9-இன் உள் இணையை இரண்டாம் அலகு என்றும், வெளி இணையை மூன்றாம் அலகு என்றும் சொல்கிறேன்.

இப்போது சுவர்க்கோழியைப் பார்ப்போம். பெண்ணின் பின்னால் தெரியும் அந்த நீண்ட ஊசி, முதல் அலகும் மூன்றாம் அலகும் சேர்ந்த குழாய். முதல் இணை கீழ்ப்பாதி, மூன்றாம் இணை மேல்பாதி. இரண்டாம் இணை சிறுத்துப்போய் உள்ளே வேர்ப்பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும். தேனீயிலோ இரண்டாம் இணைதான் நடுநாயகம். இரு அலகுகளும் ஒட்டி ஒரே தண்டாகிவிட்டன. அந்தத் தண்டை ஒட்டி முதல் இணை இரண்டு ஈட்டிகளாக ஓடுகிறது. பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பது இந்த ஈட்டிகளில்தான். மூன்றாம் இணை துளைக்கும் வேலையில் சேருவதே இல்லை, மென்மையான உறையாக இரு பக்கமும் நிற்கிறது. நான் சொன்ன திருத்தம் இதுதான். உறுப்பு மொத்தமாக ஒன்றுதான். ஆனால் சுவர்க்கோழியின் மேல் அலகைத் தேனீயில் தேடினால் கொடுக்கின் உறைதான் கிடைக்கும். 'இதுவும் அதுவும் ஒன்று' என்று பொதுவாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தேனீயில் கண்டங்களை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இடுப்புக்குப் பின்னால் தெரிவதை முதல் கண்டம் என்று எண்ணத் தொடங்கினால் கணக்கு ஒன்று தப்பும். உண்மையான முதல் வயிற்றுக் கண்டம் மார்போடு சேர்ந்துவிட்டது, இடுப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. கடைசிக் கண்டங்களும் வெளியே தெரியாது. 8-உம் 9-உம் உள்ளே இழுக்கப்பட்டு, கொடுக்கின் வேரில் சின்னச் சின்னத் தகடுகளாகிவிட்டன. அந்தத் தகடுகளில் ஒன்றில் சுவாசத் துளை இருக்கிறது. ஓர் உறுப்பின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. அந்தத் துளை 8-ஆம் கண்டத்துக்கு உரியது, எனவே அதைத் தாங்கும் தகடு 8-இன் முதுகுத் தகடு. அங்கிருந்து மற்றவற்றை வரிசையாக அடையாளம் காணலாம். ஈட்டிகள் ஒரு முக்கோணத் தகட்டோடு இணைந்திருக்கும். மரத்தைத் துளைக்கும் குளவியிலும், முள்ளங்கி, கடுகுச் செடிகளில் வரும் ரம்ப ஈயிலும் (பெயர்தான் ஈ, இனத்தால் குளவிக்கு உறவு) அதே தகடு, அதே மூட்டு. முதல் கேள்விக்கு ஐயமில்லாமல் ஆம் என்று சொல்ல எனக்கு இது போதும்.

அலகுகள் வேலை செய்யும் விதமும் இந்த ஒற்றுமையைக் காட்டுகிறது. குளவி வகைகளில் இரண்டாம் அலகில் நீளவாக்கில் ஒரு வரப்பு, முதல் அலகில் அதற்குப் பொருந்தும் ஒரு பள்ளம். ஜன்னலின் நழுவுக் கண்ணாடி தன் தடத்தில் ஓடுவதுபோல ஒன்றின்மேல் ஒன்று நழுவும், ஆனால் கழன்றுவராது. இதனால்தான் முடியைவிட மெல்லிய ஊசி கடினமான பொருளுக்குள் வளையாமல் இறங்குகிறது. ஓர் ஈட்டி திசுவைப் பிடித்துக்கொள்ள, மற்றது முன்னே போகிறது, பிறகு முறை மாறுகிறது. பின்னாலிருந்து யாரும் தள்ள வேண்டியதில்லை. தேனீ கொட்டிவிட்டுப் பறந்தபின்னும், பிய்ந்து நம் தோலில் நிற்கும் கொடுக்கு தானாக உள்ளே இறங்குவதற்குக் காரணம் இதே அசைவுதான். அதனோடு விஷப்பையும் நரம்பு முடிச்சும் தசைகளும் சேர்ந்தே பிய்ந்து வருகின்றன, அதனால் இயக்கம் நிற்பதில்லை. அத்திக் காயை வெளியிலிருந்து துளைக்கும் அப்போக்ரிப்டா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் ஊசி முனையில் துத்தநாகம் சேர்ந்திருப்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். மரம்போல் இறுகிய காயைத் துளைக்க முனை தேயாமல் இருக்க வேண்டுமே!

சரி, முட்டையிடும் ஊசி கொட்டும் ஆயுதமானது எப்படி? இன்று வாழும் குளவிகளை வரிசையாகப் பார்த்தாலே படிகள் தெரியும். ரம்ப ஈ இலையைக் கீறி முட்டை வைக்கிறது. ஒட்டுண்ணிக் குளவி அதே ஊசியைப் புழுவின் உடலில் செருகுகிறது, முட்டையோடு சேர்த்துச் சுரப்பி நீரையும் ஏற்றுகிறது. புழுவை மயக்கவோ அதன் எதிர்ப்பை அடக்கவோ அந்த நீர் உதவும். ஆக விஷம் கொடுக்குக்கு முன்பே வந்துவிட்டது. கடைசிப் படியில் முட்டை வழியை மாற்றிக்கொண்டது. தேனீ, எறும்பு, கொட்டும் குளவிகள் அடங்கிய கூட்டத்தில் முட்டை ஊசிக்குள் போவதில்லை, அதன் வேருக்குப் பக்கத்திலேயே வெளியே வந்துவிடும். ஊசிக்கு விஷம் ஏற்றும் வேலை மட்டும் மிஞ்சியது. இந்த மாற்றம் அந்தக் கூட்டத்தின் பொது மூதாதையில் ஒருமுறைதான் நடந்தது. நடுப்படியில் நிற்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு நம் விவசாயம் நிறையவே கடன்பட்டிருக்கிறது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரியை மாவுப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து தமிழ்நாட்டில் விடப்பட்ட அசரோஃபேகஸ் பப்பாயே என்ற சின்னக் குளவி அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் கருவி இந்த ஊசிதான்.

கிடைத்த ஆயுதத்தைக் கைவிட்டவர்களும் உண்டு. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறுக்குக் குத்தும் கொடுக்கு கிடையாது. அது கடித்துவிட்டு, அந்தக் காயத்தில் வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சுகிறது. கொசுத்தேனீயில் கொடுக்கு பயனற்ற எச்சமாகச் சுருங்கியிருக்கிறது. ஆண் தேனீ கொட்டாததற்குக் காரணமும் இப்போது விளங்கும். பெண்ணின் முட்டையிடும் உறுப்பு ஆணுக்கு எங்கிருந்து வரும்? இருந்தாலும், ஆண் குளவி எதுவுமே குத்தாது என்று முடித்துவிட முடியாது. ஜப்பானில் அன்டெரிங்கியம் கிப்பிஃபிரான்ஸ் என்ற குளவியின் ஆண், தன் இனப்பெருக்க உறுப்பின் இரண்டு கூர் முட்களால் குத்தி மரத்தவளையிடமிருந்து தப்புவதை 2022-இல் பதிவு செய்தார்கள். அது கொடுக்கோடு தொடர்பில்லாத வேறு உறுப்பு, ஒரே வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வேலை ஒன்றாக இருந்தும் உறுப்பு வேறாக இருப்பதற்கு நம் மாந்தோப்பில் இன்னும் நல்ல உதாரணம் உண்டு. பழ ஈ மாம்பழத் தோலைத் துளைத்து முட்டை வைக்கும் ஊசி, மேலே சொன்ன ஆறு அலகுகளால் ஆனதல்ல. ஈக்கள் அவற்றை இழந்துவிட்டன. வயிற்றின் 7-ஆம் கண்டமே குழாயாகி, அதற்குள் மடங்கிக் கிடக்கும் கடைசிக் கண்டங்கள் நீண்டு ஊசியாகின்றன. இதற்கு நேரெதிராக, நெற்பயிரின் இலையுறையைக் கீறி முட்டை செருகும் புகையானிடம் இருப்பது அசல் ஓவிபாசிட்டர், தேனீயின் கொடுக்கோடு கண்டத்துக்குக் கண்டம் பொருந்தும். தட்டான்களில் ஒரே வரிசைக்குள் ஏற்றமும் தேய்வும் தெரியும். ஊசித்தட்டான் நீர்ச்செடியின் தண்டைக் கீறி முட்டை வைக்கிறது, அதற்கு மூன்று இணையும் முழுதாக உண்டு. குளத்தில் வயிற்று நுனியைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும் சாதாரணத் தட்டானில் அவை வெறும் மிச்சங்கள்.

இனி கால்கள். இங்கே உறுதி சற்றுக் குறைகிறது, ஆனாலும் சான்றுகள் கனமானவை. ஆர்க்கியோநாத்தா என்ற சிறகில்லாத பூச்சிகள் பாறை இடுக்குகளிலும் சருகுகளிலும் வாழ்பவை, பழைய புத்தகங்களில் ஓடும் ராமபாணப் பூச்சிக்குத் தூரத்து உறவு. அவற்றின் வயிற்றைத் திருப்பிப் பார்த்தால், கண்டத்துக்குக் கண்டம் அடிப்பக்கத்தில் ஓர் இணை தகடும், தகட்டின் நுனியில் ஸ்டைலஸ் எனும் சிறு முள் நீட்சியும் இருக்கும். அந்தத் தகடு, மார்பில் காலின் முதல் துண்டு இருக்கும் இடத்துக்கு நிகரானது. 7-ஆம் கண்டத்தில் தகடும் ஸ்டைலஸும் மட்டும். 8-இல் அதே தகடு, அதே ஸ்டைலஸ், கூடவே தகட்டின் உட்புறத்திலிருந்து ஒரு நீண்ட அலகு. 9-லும் அப்படியே. இந்த மூன்று கண்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு எத்தனை பக்கம் படித்தாலும் வராது. அமெரிக்க உடற்கூறியலாளர் ஸ்னாட்கிராஸ் 1930-களில் முன்வைத்த விளக்கமும் இதுதான்: தாங்கும் தகடு கால் அடித்துண்டின் வழிவந்தது, அலகு அந்த அடித்துண்டின் உட்புற முளை.

ஆகவே 'கொடுக்கு ஒரு காலத்தில் காலாக இருந்தது' என்று சொன்னால் கொஞ்சம் மிகை. நடக்கும் கால் சுருங்கி ஊசியானது என்று யாரும் காட்டியதில்லை. காலின் அடித்துண்டில் புதிதாக முளைத்த ஒரு பாகம் ஊசியானது என்பதுதான் சான்றுக்கு நெருக்கமான வாசகம். ஸ்டைலஸ்தான் பழைய காலின் மிச்சம் என்ற கருத்தையும் நான் கவனத்தோடுதான் ஏற்பேன். அதே ஆர்க்கியோநாத்தாவில் சிலவற்றின் மார்புக் கால்களிலேயே முழுக் காலும் ஸ்டைலஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கால் இருக்கும்போதே ஸ்டைலஸும் இருந்தால், ஸ்டைலஸ் காலின் எச்சம் எப்படி ஆகும்? அலகுகள் கால் வழி வந்தவையே அல்ல, வயிற்றின் அடித்தகட்டில் தோன்றிய புது முளைகள் என்று வாதாடியவர்களும் உண்டு. இன்று அது சிறுபான்மைக் கருத்து.

மரபணுப் பக்கத்திலிருந்து ஒரு வலுவான செய்தி உண்டு. பழங்களை மொய்க்கும் சின்ன ஈயான டிரோசோஃபிலாவில் அப்டாமினல்-பி என்றொரு மரபணு, வயிற்றின் கடைசிக் கண்டங்களுக்கு அவற்றின் அடையாளத்தைக் கொடுப்பது. பிறப்புறுப்பு உருவாகும் செல் கூட்டத்தில் அதை நீக்கினால், அந்த இடத்தில் கால் அல்லது உணர்கொம்பு போன்ற பாகங்கள் வளர்கின்றன. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001-இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். கேட்டவுடன் 'அப்புறம் என்ன சந்தேகம்?' என்று தோன்றும். ஆனால் இந்தச் சோதனை காட்டுவது அந்தச் செல்களுக்குக் காலாகும் திறன் இன்னும் இருக்கிறது என்பதை. வரலாற்றில் எந்தப் பாகம் எதுவாக மாறியது என்பதை அது நேரடியாகச் சொல்லாது. கால் வளர்க்கும் மரபணுக் கருவிகளை உடலில் நீட்டிக்கொண்டு வளரும் வேறு பாகங்களும் இரவல் வாங்குவதுண்டு. எனவே ஆர்க்கியோநாத்தாவின் வயிறும் இந்தச் சோதனையும் ஒரே திசையைக் காட்டுவதுதான் என் நம்பிக்கைக்கு அடிப்படை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் இவ்வளவு உறுதியாக எழுதமாட்டேன்.

ஆண் பூச்சிகளில் நிலைமை வேறு. ஆணின் விந்து வெளிவரும் திறப்பு 9-ஆம் கண்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதைச் சுற்றிப் புணர்ச்சி உறுப்பும் பிடித்துக்கொள்ளும் பாகங்களும் உண்டு. இவையும் கால் வழியா? ஸ்னாட்கிராஸே 1957-இல் தன் விளக்கத்தைத் திருத்தி, ஆணின் புணர்ச்சி உறுப்பு தனியான சிறு மடல்களிலிருந்து வளர்வது, அதைக் கால்களோடு சேர்க்க வேண்டாம் என்று எழுதினார். அதை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. பிடிக்கும் பாகங்களைப் பற்றி ஒன்று உறுதியாகச் சொல்லலாம்: எல்லாப் பூச்சியிலும் அவை ஒன்றல்ல. அந்துப்பூச்சி ஆண், 9-ஆம் கண்டத்தைச் சேர்ந்த இரு மடல்களால் பெண்ணைப் பிடிக்கிறது. தட்டான் ஆணின் மேல் இடுக்கி வயிற்று நுனியின் செர்சி எனப்படும் நீட்சிகளால் ஆனது. கீழ் இடுக்கியோ தட்டானில் ஒரு தகட்டிலிருந்தும் ஊசித்தட்டானில் வேறொரு தகட்டிலிருந்தும் வந்தது.

தட்டானின் விசித்திரம் அதோடு நிற்பதில்லை. அதன் திறப்பு 9-இல், ஆனால் புணர்ச்சி உறுப்பு வயிற்றின் முன்பக்கம், 2, 3 ஆகிய கண்டங்களின் அடியில். விந்தை முதலில் பின்னாலிருந்து முன்னால் மாற்றிவைத்துக்கொண்டுதான் இணைகிறது. இரண்டும் ஒட்டி வளையமாகப் பறப்பதை எல்லாக் குளக்கரையிலும் பார்க்கலாம். அந்த உறுப்பும் ஊசித்தட்டானில் 2-ஆம் கண்டத்திலிருந்து, தட்டானில் 3-ஆம் கண்டத்திலிருந்து. நெருங்கிய உறவினர்களுக்குள்ளேயே ஒரே வேலைக்கு இரு தனி உறுப்புகள். 1979-இல் ஜொனதன் வாகே என்ற அமெரிக்க ஆய்வாளர், கேலாப்டெரிக்ஸ் என்ற ஊசித்தட்டான் ஆண் அந்த உறுப்பைக் கொண்டு, பெண்ணுக்குள் முன்பே இருக்கும் வேறு ஆணின் விந்தை 88 முதல் 100 சதவீதம் வரை சுரண்டி வெளியேற்றிவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது என்று காட்டினார். பிறப்புறுப்பைப் பார்க்கும் கண்ணையே மாற்றிய வேலை என்று அதைச் சொல்வேன்.

ஆணின் உறுப்பு இனத்துக்கு இனம் மாறுவதால்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. படைப்புழு 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்காப் பக்கம் மக்காச்சோளத்தில் தென்பட்டபோது, பார்வைக்கு அதை ஒத்த உள்ளூர் வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சியிலிருந்து பிரித்தறிய வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆணின் வயிற்று நுனியை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, சதை கரைந்தபின் மடல்களின் வடிவத்தைப் பார்ப்போம். சிறகின் செதில் உதிர்ந்துபோன பூச்சிக்கும் இந்த வழி கைகொடுக்கும். ஏன் இவ்வளவு வேறுபாடு? 1844-இல் லியோன் டுஃபூர் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் பூட்டும் சாவியும் என்ற விளக்கத்தைத் தந்தார், வேறு இனம் கலக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருத்தம் என்று. ஆனால் பல பூச்சிகளில் ஆணின் பாகம் மாறும் அளவுக்குப் பெண்ணின் பாகம் மாறுவதில்லை. சாவி மாறியும் பூட்டு மாறாவிட்டால் அந்த விளக்கம் நிற்காது. 1985-இல் வில்லியம் எபர்ஹார்ட் என்ற உயிரியலாளர், புணர்ச்சிக்குப் பிறகும் பெண் தேர்வு செய்கிறது, அந்தத் தேர்வே ஆணின் உறுப்பைச் செதுக்குகிறது என்று வாதிட்டார். எனக்கு இது பெரும்பாலான இடங்களில் பொருந்துவதாகத் தெரிகிறது. ஆண்களுக்குள் நடக்கும் போட்டி, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான முரண் ஆகியவற்றை இதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம், அந்த விவாதம் இன்னும் நடக்கிறது. பிரேசில் குகைகளில் வாழும் நியோட்ரோக்லா என்ற சிறு பூச்சி இந்த விவாதத்துக்கே வேறு கோணம் தந்தது. அங்கே நுழைக்கும் உறுப்பு பெண்ணிடம், ஏற்கும் பை ஆணிடம். 2014-இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு புணர்ச்சி 40 முதல் 70 மணி நேரம் நீடித்தது. ஆணின் உறுப்பே பெண்ணுக்கு இடம் மாறிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது பெண்ணின் உடலில் தனியாகத் தோன்றிய உறுப்பு.

கேள்வி கேட்டவர் நேரில் பார்க்க விரும்பினால் செத்த சுவர்க்கோழிப் பெண் ஒன்று போதும். விளக்கடியில் காலையில் கிடைக்கும். ஒருநாள் தண்ணீரில் போட்டு இளக்கி, 10 மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியில் பாருங்கள். ஊசியின் இரு பக்கமும் மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோடு தெரியும். மெல்லிய குண்டூசியை வேர்ப்பக்கத்தில் அந்தக் கோட்டில் செருகி நெம்பினால் அலகுகள் பிரியும். இரண்டாம் இணையை உள்ளே, வேருக்கு அருகில் தேடுங்கள். மிகச் சிறியது, பொறுமை வேண்டும். தேனீயில் இதைச் செய்ய நுண்ணோக்கி தேவை. அருகில் பள்ளி ஆய்வகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சுவாசத் துளையுள்ள அந்தத் தகட்டை முதலில் கண்டுபிடித்துவிட்டு அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள்.